வழி தெரியாத பால்காரர்

கோயில் புத்தகத்தில் என் மூத்த மகள் ஜூலியானாவின் பெயருக்கு எதிரே, ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில், முதலில் என் பெயர் எழுதியிருந்தது. பிறகு பங்குச் சாமியார் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே ருக்குமணி என்று எழுதினார். கத்தோலிக்கக் குழந்தைக்கு ஓர் இந்துப் பெண் எப்படி ஞானஸ்நானம் கொடுத்தாள் என்று கேட்கிறவர்கள் உண்டு. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஏறாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்னும் நாக்கு எழவில்லை. சொல்லிவிடுகிறேன்.

1932ஆம் வருஷம். எனக்கு இருபத்தொன்பது வயது. பினாங்கில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் இரண்டாம் கிராணி. கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டுக்கொண்டு கணக்கெழுதுகிறவன் என்பதில் எனக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் துரையே நான்தான் என்று தோன்றும். பினாங்கு ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. நவம்பர் பன்னிரண்டாம் தேதி என் மனைவி ஐரீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு பிறந்த குழந்தை.

எங்களில் குழந்தை பிறந்த எட்டு நாளைக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பச்சைக் குழந்தையின் உயிரை யாரும் நம்புவதில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தைக்கு மோட்சமும் இல்லை, கோயில் கல்லறையில் இடமும் இல்லை என்றுதான் அன்றைக்கு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் நான் கொடுக்கவில்லை. எங்கள் ஆபீஸ் பெரிய கிராணி வில்லியம், நாகப்பட்டினத்துக்கு லீவில் போயிருந்தார். அவர் திரும்பி வந்து என் மகளுக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கு அடுத்த முதல் கிராணி நாற்காலி அடுத்த வருஷம் காலியாகப் போகிறது, அதில் யாரை உட்கார வைப்பது என்பது அவர் கையில் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

"அவரு கப்பல் வர்ற வரைக்கும் ஆண்டவரும் காத்துக்கிட்டு நிப்பாரா?" என்று ஐரீன் கேட்டாள்.

"ஒரு மாசத்துல என்ன ஆயிடும்? புள்ள நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

அவள் அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டியதை ருக்குமணி அக்காவிடம் பேசியிருக்கிறாள். ருக்குமணி அக்கா எங்கள் பின்பக்கத்து மாட்டுக்கொட்டகைக்காரர் பக்கிரிசாமியின் மனைவி. அவர்களுக்கு ஆறு மாடுகள். பக்கிரிசாமி அந்த வட்டாரத்துக்கே பால் ஊற்றுகிறவர். பிரசவத்தின்போது ஐரீனுக்குத் துணையாக இருந்து, பத்து நாள் குழந்தையைக் குளிப்பாட்டி, வெந்நீர் போட்டுக் கொடுத்தது அந்த அக்காதான். எனக்கு அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து போவது பிடிக்காது. சாணி வாசம் வருகிறது என்று மூக்கைச் சுளிப்பேன். அவர் புருஷன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இருந்தாலும் நான் "பக்கிரிசாமி, வா, போ" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைக் "கிராணி ஐயா" என்பார்.

சாகக்கிடக்கிற குழந்தைக்கு, பக்கத்தில் சாமியார் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுக்கிறவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. கோயில் கேட்கிறதைத் தானும் செய்கிறேன் என்ற நினைப்போடு, தலையில் தண்ணீர் ஓடும்படி ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்கிற பரிசுத்த ஆவி, மூவர் பேரையும் சொல்லவேண்டும். அவ்வளவுதான். இதை ஐரீன் ருக்குமணி அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தான் குளிக்கப் போயிருக்கும்போது, கண் அசந்திருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அக்கா அந்த வார்த்தைகளைப் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்துப் பழகியிருக்கிறார். பெற்ற தகப்பன் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது என்பதுதான் இதற்கு அர்த்தம். எனக்கு அப்போது இது தெரியாது.

டிசம்பர் இருபதாம் தேதி வில்லியம் வந்து இறங்கினார். ஞானத்தகப்பனாக நிற்கிறேன் என்றார். கிறிஸ்மஸ் கழிந்து மூன்றாம் நாள் என்று தேதி வைத்தோம். கூடவே, கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் மெக்கலிஸ்டர் ரோட்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். பெரிய இடத்து விருந்து. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற இடம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் வந்தபோது, நாற்பது நாள் முடிந்து ஐரீன் கோயிலுக்குப் போய் ஆசீர்வாதம் வாங்கி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "நான் வரல. புள்ளைக்கு ராத்திரியிலேருந்து உடம்பு கதகதன்னு இருக்கு" என்றாள்.

"புதுச் சட்டை போட்டுவிட்டா கதகதன்னுதான் இருக்கும். ரெண்டு மணி நேரம். ருக்குமணி பாத்துக்குவா."

"நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்."

"பெண்டாட்டி இல்லாம போய் நின்னா என்னன்னு நெனப்பாங்க? உன்னையும் சேத்துத்தானே கூப்பிட்டாங்க!"

கத்தினேன் என்றே சொல்லலாம். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் சத்தம் வேண்டாம் என்று அவள் புடவை மாற்றினாள். குழந்தையை ருக்குமணி அக்கா கையில் கொடுத்து, பால் புகட்டுகிற பாலாடையையும் காய்ச்சி ஆற வைத்த பாலையும் காட்டி, காதில் என்னவோ சொன்னாள். அக்கா தலையை ஆட்டினார். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்திருந்த நான், "என்ன ரகசியம் அங்க, வா" என்று அவசரப்படுத்தினேன்.

வில்லியம் வீட்டில் பன்னிரண்டு பேர். நீளமான மேசை, வெள்ளைத் துணி, ஒவ்வொருவர் முன்னாலும் முள்ளும் கத்தியும். பெரிய கிராணிக்கு மூன்றாவது நாற்காலியில் எனக்கு இடம். அந்த மூன்றாவது இடம் கிடைத்த சந்தோஷத்தில் கோழிக்கறி என்ன ருசி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஐரீன் ஒன்றும் சாப்பிடாமல் என்னையே பார்த்தாள். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். போகலாம் என்று கண்ணால் கேட்டாள். நான் அவள் பக்கம் பார்ப்பதையே நிறுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வில்லியத்தின் மனைவி ரோசலின் அம்மாளிடம் என்னவோ சொல்லி, இருவரும் எழுந்து உள் அறைக்குப் போனார்கள்.

அப்போதுதான் சீனத்து ஆயா வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"துவான், ஓராங் சூசு டி லுவார்" என்றாள். பால்காரர் வெளியே நிற்கிறார் என்று மலாயில் சொன்னாள். மெதுவாகச் சொல்லத் தெரியாத ஜென்மம். மேசை முழுக்கக் கேட்டது.

"என்ன மைக்கேல், ஒங்க மாடு கன்னு போட்டுருச்சா?" என்றார் வில்லியம்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பக்க கேட்டில் பக்கிரிசாமி நின்றிருந்தார். தலையில் துண்டு, மேலுக்குச் சட்டை இல்லை, முழங்கால் வரைக்கும் சேறு. இரண்டு கையாலும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கினார்.

"நாளைக்கு வரச் சொல்லு" என்று ஆயாவிடம் மலாயில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

எதற்காக வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியது.  பிறகு, எதற்காவது வந்திருப்பான், இந்தக் கோலத்தில் முன்வாசலுக்கா வந்து நிற்பது, அறிவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து கேட் வரைக்கும் போக முப்பது அடி இருக்கும். அந்தச் சேற்றுக்கால் மனுஷனோடு நான் நின்று பேசுவதைப் பன்னிரண்டு பேர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அதற்கு வெட்கப்பட்டேன். மறுபடி நான் ஜன்னல் பக்கம் பார்த்தபோது கேட்டில் யாரும் இல்லை. ஐரீன் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு புட்டிங் வந்தது, கிராமபோன் வைத்தார்கள், நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் இருந்தோம்.

வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்றதுமே ஐரீன் குதித்து ஓடினாள். ருக்குமணி அக்கா கூடத்தில் தரையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியும் குழந்தையின் தலையும் இன்னும் ஈரமாக இருந்தன. பக்கத்தில் செம்பு உருண்டு கிடந்தது.

"வலிப்பு வந்துருச்சும்மா" என்றார் அக்கா. "கண்ணு மேல சொருவிக்கிச்சு. ஒடம்பெல்லாம் நீலம். மூச்சு இல்லம்மா, நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன், இல்ல. நீங்க சொன்னாப்புல ஊத்திட்டேன். ஊத்துன பொறவு, செத்த நேரம் கழிச்சு, விசும்புச்சு. இப்ப தூங்குது. நான் அப்பவே இவர அனுப்பிச்சேன் ஒங்களக் கூட்டியார..."

 அக்கா அடுத்த வார்த்தை பேசுவதற்குள் பக்கிரிசாமி, ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பேச்சு அத்தோடு நின்றது. டிரெஸ்ஸர் குழந்தையைப் பார்த்து, ஜுரத்தால் வந்த வலிப்பு, மறுபடி வரலாம், மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்று மருந்து கொடுத்தார். பக்கிரிசாமி வாசலிலேயே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாமியார் வந்தார். ஐரீன் சொல்லியனுப்பியிருந்தாள். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் பத்து வருஷம் இருந்தவர், எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்.

"அவசர ஞானஸ்நானம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். கொடுத்தவர் யார்? அவரைக் கூப்பிடுங்கள். தொடக்கத்திலிருந்து என்ன நடந்தது என்று நான் கேட்க வேண்டும்."

தொடக்கத்திலிருந்து. எனக்கு அந்த வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. தொடக்கத்திலிருந்து என்றால் வலிப்பு வந்தது, புருஷனை ஓடச் சொன்னது, அவர் போனது, தகப்பன் சொல்லியனுப்பிய பதில், எல்லாம் ஐரீன் முன்னால் வரும். ருக்குமணி அக்கா சமையலறை வாசலில் நின்று முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"நான்தான் சாமி கொடுத்தேன்" என்றேன். "வந்து பாத்தப்ப புள்ள நீலமா கெடந்துச்சு. நான்தான் ஊத்தினேன்."

ஐரீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா எடுத்து வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"என்ன வார்த்தைகள் சொன்னீர்கள்?" என்று கேட்டார் சாமியார். தங்கு தடையில்லாமல் ஒப்பித்தேன். தண்ணீர் தலையில் ஓடியதா? ஓடியது. சாமியார் என் தோளைத் தட்டிக்கொடுத்து, கலங்காத மனம் உள்ள தகப்பன் என்று பாராட்டி, என் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். அந்தத் தட்டு வாங்கின தோளை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அவர் போனதும் ஐரீன் கேட்டாள்: "ஒரு மாட்டுக்காரப் பொம்பள கை பட்டுச்சுன்னு சொல்ல ஒங்களுக்குக் கேவலமா இருக்குதா?"

அவள் அப்படி நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. உண்மையைவிட அது கொஞ்சம் சின்னக் குற்றமாக இருந்ததால் அதையே ஒத்துக்கொண்டவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் ருக்குமணி அக்கா எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. ஆபீஸ் விடுமுறை. நாள் முழுக்க வீட்டிலேயே கிடந்தேன். குழந்தைக்கு ஜுரம் இறங்கி இறங்கி ஏறியது. ஐரீன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, சோற்றைப் போட்டு நகர்த்தி வைப்பாள். கிறிஸ்மஸ் குடிலில் வைத்திருந்த களிமண் ஆட்டுக்குட்டியைக்கூட என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு காலையும் பக்கிரிசாமி பின்வாசலில் வந்து பால் ஊற்றுவார். நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பார், பெண்டாட்டி ஐரீனிடம் சொல்லிவிடுவாள், இன்றைக்கு, இல்லாவிட்டால் நாளைக்கு. அந்தப் பயத்தில் மகளின் ஜுரம்கூட எனக்கு இரண்டாம் பட்சமாக இருந்தது. பெற்ற தகப்பன் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள், ஞானஸ்நானத்துக்குத் தேதி வைத்திருந்த அதே நாள், காலையில் ஜுரம் மறுபடி ஏறியது. ஐரீன் பின்பக்கம் ஓடி ருக்குமணி அக்காவைக் கூட்டி வந்தாள்.

"அக்கா, நீங்க ஊத்தினப்ப தண்ணி தலையில ஓடுச்சா? மூணு பேரையும் சொன்னீங்களா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

அக்கா தரையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் ஊத்தலம்மா. ஐயாதான் ஊத்துனாரு."

"அக்கா! நான் வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப பதட்டத்துல என்னமோ ஒளறியிருப்பேம்மா. ஐயா சாமியாருகிட்டயே சொல்லிட்டாரே. அவருதான்."

ஐரீன் என் பக்கம் திரும்பினாள். அந்த மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினாள். "எம்புள்ள ஞானஸ்நானத்தோட இருக்கா, இல்லாம இருக்கான்னே எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க வாங்கின நல்ல பேரு இதுதான்."

சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். சாமியாரிடம், நான் கொடுக்கவில்லை, பொய் சொன்னேன் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டார். கௌரவம் என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவர் திட்டவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு என்கூடவே வேகமாக நடந்து வந்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கேட்டால் அக்கா அதே பதில்தான் சொன்னார். "நான் இல்லைங்க சாமி. ஐயாதான்."

"ஏனம்மா மறைக்கிறீர்கள்? நீங்கள் செய்தது தப்பில்லை" என்றார் சாமியார்.

"நான்தான்னு சொன்னா ஐயா ஒங்ககிட்டப் பொய் சொன்னாருன்னு ஆயிடுமே. ஒரு ஆம்பளய அவரு கும்புடுற சாமியாரு முன்னாடி எப்பிடிங்க பொய்யனாக்குறது?"

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "நான் பொய்யன்தான் அக்கா" என்றேன். "சாமியார்கிட்டச் சொன்னது பொய். நீங்க நடந்ததச் சொல்லுங்க." அக்கா என்று அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதற்காகவும் சங்கடப்பட்டார்.

பிறகு சொன்னார். செம்பில் தண்ணீர் எடுத்தது, குழந்தையின் தலையை இடது கையில் தாங்கிக்கொண்டது, நெற்றியிலிருந்து பின்னால் ஓடும்படி மூன்று தடவை ஊற்றியது, ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் சொன்னது. அந்த வார்த்தைகளை ஒரு பிசகும் இல்லாமல் சொன்னார். "இந்தப் புள்ள அவுங்க சாமிக்கிட்ட நல்லபடியாப் போவட்டும்னு நெனச்சுத்தாங்க ஊத்துனேன்" என்றார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்று தலையசைத்தார். ஐரீன் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

"அதற்கு முன்னால் பெற்றோருக்கு ஆள் அனுப்பவில்லையா?" என்று சாமியார் சும்மா கேட்டார்.



"அனுப்பாம இருப்பனா? இவரத்தான் ஓடச் சொன்னேன். போன மனுசன் வழி தெரியலன்னு திரும்பி வந்துட்டாரு" என்றார் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பொய்யனைக் காட்டிக்கொடுக்காமல் தானும் ஒரு பொய் சொல்கிறாரே என்று கூசிப்போனேன். கூச்சம் ஒரு பக்கம், அப்பாடா என்று இன்னொரு பக்கம். சாமியார் கோயிலுக்குப் போய் என் பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினார். அன்று மத்தியானமே குழந்தைக்கு வியர்த்தது. மறுநாள் ஜுரம் விட்டது. ஐரீன் என்னுடன் பேச ஆரம்பித்தாள். தப்பை ஒத்துக்கொண்டேன் என்று என்மேல் அவளுக்கு ஒரு மரியாதைகூட வந்திருந்தது. அந்த மரியாதையோடு அவள் என் தட்டில் சோறு போட்டால் விழுங்க முடியவில்லை.

வருஷத்தின் கடைசி நாள். காலையில் பக்கிரிசாமி பின்வாசலில் பால் ஊற்றினார். குழந்தை பிழைத்த சந்தோஷத்தில் ஐரீன் ஒரு புது வேட்டியும் கேக்கும் எடுத்து வைத்திருந்தாள். அவர் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏண்ணே, பதினெட்டு வருசமா இந்த ஊருல சந்து பொந்தெல்லாம் பால் ஊத்துறீங்க. மெக்கலிஸ்டர் ரோடு தெரியாமப் போச்சா? நல்ல ஆளுலா நீங்க!"

"ஆமாம்மா. அன்னைக்கு ஒண்ணும் புரியல. அடுத்த தடவ வழி தெரிஞ்சுக்கிறேன்" என்றார் அவர். சொல்லிவிட்டுப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் தன்னை வழி தெரியாதவன் என்று ஒத்துக்கொண்ட குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்தேன்.

"அவருக்கு வழி தெரியும் ஐரீன். அவரு வந்தாரு. கேட்டுல நின்னாரு. நாளைக்கு வரச் சொல்லுன்னு நான்தான் சொல்லியனுப்பினேன். நீ உள்ள போயிருந்த."

அவள் என்னை அடித்திருக்கலாம். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? வேட்டிய வாங்கிக்கிட்டுப் போறாரே, அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினேன். ரோட்டு முனையில் பிடித்தேன். "அண்ணே" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் நிற்கவில்லை.

"வெயில் ஏறுனாப் பால் கெட்டுடும் ஐயா. நடந்துகிட்டே சொல்லுங்க."

நடந்துகொண்டே சொன்னேன். ரோட்டில் தெரிந்தவர்கள் வந்தார்கள், இரண்டு பேர் குட்மார்னிங் சொன்னார்கள். கேட்டில் பார்த்தேன், வேண்டுமென்றுதான் திருப்பி அனுப்பினேன், உங்களோடு நிற்க வெட்கப்பட்டேன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். ருக்குமணி அக்கா என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாரே, அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றேன்.

அப்போதுதான் அவர் நின்றார்.

"அவ பொய் சொல்லல ஐயா. வழி தெரியலன்னு அவகிட்டச் சொன்னது நான்தான். புள்ள மூச்சில்லாமக் கெடக்கு, பெத்தவரு நாளைக்கு வரச் சொல்றாருன்னு, எந்த வாயால போய் அவகிட்டச் சொல்றது? போறப்ப ஓடுனேன். வர்றப்ப, என்ன சொல்றதுன்னு தெரியாம நடந்துதான் வந்தேன்." கேனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அந்த வீட்டுக்குத் தெனம் பின்பக்கமா நான் பால் ஊத்துறேன். அது அவளுக்கும் தெரியும். ஒரு புள்ள உசுரு போறப்ப வழிய மறந்தியே, நீயெல்லாம் மனுசனான்னு, ஆறு நாளா எங்கூடப் பேசறதில்ல. சோத்த வச்சுட்டுப் போயிடுறா."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்பது நினைவில்லை. திரும்பி வந்த வழியே ஓடினேன். ருக்குமணி அக்கா கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவரு கேட்டுல நின்னத நீங்க கண்ணால பாத்தீங்களா ஐயா?"

"பாத்தேன்."

அக்கா கூடையை அப்படியே கீழே வைத்தார். கையைக்கூடக் கழுவாமல், என்னைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கி, புருஷன் பால் ஊற்றப் போன பக்கமாக நடந்தார்.